ஆதாமுக்கு எந்த ஊர்?

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட் நோக்கிச் செல்லும் பாதையில், தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள சிறிய ஆலயம் ஒன்றுக்கு அண்மையில் செல்ல நேர்ந்தது. நான் அச்சபையைச் சேர்ந்தவன் அல்லன். பழைய பதிவேடுகளைப் பார்க்கலாம் என்று போதகர் சொல்லியிருந்ததால் போனேன். ஞாயிற்றுக்கிழமை, மழை. ஆராதனை முடிந்து பிள்ளைகளுக்கான வேதபாட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்கள். மண்ணினால் மனிதன் உருவாக்கப்பட்ட கதையைப் போதகர் சொல்லி முடித்ததும், எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி எழுந்து, "ஆதாமுக்கு எந்த ஊர் ஐயா?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வாங்கில் அமர்ந்திருந்த பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அச்சிறுமி அவருடைய பேத்தி என்பது பின்னர் தெரிந்தது. தேநீர் குடிக்கும்போது என்னருகில் வந்து சொன்னார்: "அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் தம்பி, எங்கப்பா கச்சேரி வாசல்ல நின்னாரு. நின்னு நின்னே செத்தாரு."

கிறிஸ்தவ உலகில் மனிதத் தோற்றம் பற்றிய விவாதம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது டார்வின்தான். ஆதியாகமமா, பரிணாமமா என்று அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போன சண்டையை வாசகர்கள் அறிவர். எங்கள் மலையகத்தில் அந்தச் சண்டை ஒருபோதும் பெரிதாக நடந்ததில்லை. இங்கே தோற்றம் பற்றிய கேள்வி வேறு வடிவில் வந்தது. உன் தகப்பன் எங்கே பிறந்தான்? பாட்டன் எங்கே பிறந்தான்? அதற்குக் கடதாசி இருக்கிறதா?

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை இன்று எடுத்து வாசித்தால், அது ஒரு வம்ச வரலாற்று அதிகாரம் போலவே இருக்கும். அச்சட்டம் நடைமுறைக்கு வந்த நாளுக்கு முன்னர் இலங்கையில் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாயைப் பற்றி அதில் பேச்சே இல்லை. கூடையைச் சுமந்து மலை ஏறிக் கொழுந்து பறித்து, இந்நாட்டின் அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்தவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் வழியாக எந்த உரிமையும் இறங்கவில்லை.

இதனைப் படிக்கும்போதெல்லாம் புதிய ஏற்பாட்டின் முதற் பக்கம் என் நினைவுக்கு வரும். மிஷன் பாடசாலையில் படித்த இந்துப் பிள்ளைகளாகிய நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்ட பகுதி அது. இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று நீண்டுகொண்டே போகும். மத்தேயு எழுதிய அந்த வம்ச அட்டவணையில் மரியாளுக்கு முன்னதாக நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி. அவர்களுள் ரூத் மோவாப் தேசத்தவள். பஞ்சம் பிழைக்கப் போன குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு, விதவையாகி, மாமியாரோடு அந்நிய நாட்டுக்கு வந்து, பிறர் வயலில் கதிர் பொறுக்கியவள். தாவீது அரசனின் கொள்ளுப்பாட்டி அவள்தான். எங்கள் சட்டத்தின்படி அவளால் யாரும் பிரசையாக முடியாது. லூக்கா எழுதிய அட்டவணையோ முப்பாட்டனோடு நிற்பதில்லை. ஆதாம் வரை சென்று, அதற்கும் அப்பால் கடவுளிடம் போய் முடிகிறது. கச்சேரியில் அதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

பாராளுமன்றத்தில் அச்சட்டத்தை எதிர்த்தவர்களுள் எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் ஒருவர். அவர் கிறிஸ்தவர். பிறந்தது மலாயாவின் ஈப்போ நகரில், 1898இல். அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்தவர் என்பதால் அவருடைய பிரசாவுரிமைக்கு எந்தக் குறையும் இல்லை. மலாயாவில் பிறந்த அவர் இலங்கையர். டிக்கோயா லயத்தில் பிறந்த குழந்தை இலங்கையர் அன்று. சட்டத்தை இதைவிடத் தெளிவாக விளக்க என்னால் முடியாது. அந்தப் பிரச்சினையால் தமிழ்க் காங்கிரஸ் பிளவுபட்டு, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது.

1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டம் ஒரு சிறிய கதவைத் திறந்தது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 1951 ஓகஸ்ட் 5. சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. இறுதியில் ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. பெரியவரின் தந்தை நின்ற வாசல் இதுதான்.

இனி இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னோக்கிப் போக வேண்டும். 1854இல், கோப்பிக் காலத்தில், தோட்டங்களில் கிறிஸ்தவப் பணிக்கென ஓர் அமைப்பு உருவானது. அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. தோட்டத் துரைமாரின் பண உதவியும் ஆங்கிலேயத் திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் மேற்பார்வையும் அதற்கு இருந்தன. உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். பெயரைக் கவனியுங்கள். ஆதாமின் பிள்ளைகளுக்கு நற்செய்தி சொல்லப் புறப்பட்டவர்கள், அப்பிள்ளைகளுக்கு முதலில் 'கூலி' என்று பெயரிட்டார்கள். அக்காலத்தில் அது அரசாங்க ஆவணங்களில் புழங்கிய சாதாரணச் சொல்தான். அவர்கள் இழிவுபடுத்த நினைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆயினும் ஒரு சபைக்குத் தொழிலின் பெயர் சூட்டப்பட்டதை வரலாற்று மாணவன் கவனிக்காமல் போக முடியாது.

திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் தம்முடன் வேறொரு தோற்றக் கதையையும் சுமந்து வந்தார்கள். அங்குள்ள சபையின் பெரும்பகுதி நாடார் சமூகத்தவர். அவர்களைப் பற்றி 1849இல் நூல் எழுதிய கால்டுவெல், அச்சமூகத்தின் முன்னோர் இலங்கையிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் என்ற மரபுச் செய்தியை அதில் எடுத்துச் சொன்னார். அந்நூல் தம்மை இழிவுபடுத்துவதாகப் பின்னாளில் அச்சமூகத்தார் கடுமையாக எதிர்த்தனர், அது தனிக்கதை. கால்டுவெல்லின் கூற்று சரியா தவறா என்பது ஒருபுறமிருக்க, இலங்கையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் இலங்கைக்கு வந்து, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு, நாம் எல்லோரும் ஏதேனிலிருந்து வந்தவர்கள் என்று போதித்தார்கள்!

போதனையின் சாரம் எளியது. மனித குலம் ஒன்று, தகப்பன் ஒருவன். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அனைவரும் ஏற்ற கருத்தல்ல இது. மனித இனங்கள் வெவ்வேறு மூலங்களைக் கொண்டவை என்று வாதிட்ட அறிஞர் பலர் அன்றிருந்தனர். 1882இன் தொடக்கத்தில் நுவரெலியாவுக்கும் ஹோட்டன் சமவெளிக்கும் வந்து போன ஜெர்மானிய உயிரியலாளர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் மனிதரைப் பல இனங்களாக வகுத்து, மேல் கீழாக அடுக்கியவர். அந்த அறிவியலோடு ஒப்பிடுகையில், பிரட்டுக்களத்தில் நின்று கங்காணிக்கும் துரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே ஆதாம் என்று சொன்ன அரைப்படிப்பு உபதேசியார் உண்மைக்கு நெருக்கமாக இருந்தார். இன்றைய மரபணு ஆய்வும் அவர் பக்கமே நிற்கிறது. ஆபிரிக்காவில் தோன்றிப் பரவிய ஒரே இனம் நாம்.

போதனை அப்படி. நடைமுறை எப்படி? தமிழகத்தில் சாதி ஆலயத்துக்குள் சுவராகவே நின்றது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்க ஆலயம் இரு கால்களாகப் பிரிந்து பீடத்தில் சேர்வது போலக் கட்டப்பட்டது. நாடார்களுக்கு ஒரு பக்கம், வேளாளர்களுக்கு மறுபக்கம், இடையே சுவர். மக்கள் அதனைக் கால்சட்டைக் கோவில் என்றார்கள். 1910இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபைகளிலோ சண்டை பாத்திரத்தைப் பற்றியது. நற்கருணையின்போது எல்லோரும் ஒரே கிண்ணத்தில் பருகுவதா என்பதே தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபைகளைப் பிளந்த கேள்வி. சபைக்குள் சாதி கூடாதென்று 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சுற்றுமடல் விடுத்தபோது பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினார்கள். ஆதாமை ஏற்பதில் யாருக்கும் தடையில்லை. அவனுடைய மற்றப் பிள்ளைகளின் எச்சிலை ஏற்பதில்தான் தடை.

மலையகத்தில் அத்தகைய சுவரை நான் எந்த ஆலயத்திலும் கண்டதில்லை. இங்கே சாதி லயத்தில் இருந்தது. கங்காணி முறையில் காம்பராக்கள் பெரும்பாலும் சாதி பார்த்தே ஒதுக்கப்பட்டன. ஆலயத்தில் பிரிவினை கடிகாரத்தில் இருந்தது. துரைமாருக்கு ஆங்கில ஆராதனை ஒரு நேரம். தொழிலாளருக்குத் தமிழ் ஆராதனை வேறு நேரம். மொழிக்காகப் பிரித்தார்கள் என்பது நியாயமான விளக்கந்தான். எனினும் கல்லறைக்கு மொழி எதற்கு? பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலயத்தில், உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரன் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1879இல் டிக்கோயாவில் இறந்தவர். வெளிநாட்டுப் பயணிகள் தேடி வருகிறார்கள். 1878இல் கட்டப்பட்ட வாலி கிறிஸ்து ஆலய முற்றத்தில் துரைமாரின் கல்வெட்டுகளை இன்றும் வாசிக்கலாம். அம்மலைகளை வெட்டித் திருத்தியவர்களின் பெயரை வாசிக்கக் கல் இல்லை. மண்ணிலிருந்து வந்து மண்ணுக்குத் திரும்பியவர்கள் என்று அவர்களைத்தான் முழுப் பொருளில் சொல்ல வேண்டும்.

இன்னொரு சொல்லைப் பற்றியும் இங்கே எழுத வேண்டும். தமிழ் வேதாகமத்தில் இயேசு கற்பித்த ஜெபத்தில் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் வரும் சொல் 'கடன்'. கடல் கடந்து வருவதற்கான செலவே தொழிலாளியின் முதற் கடனாக இருந்த காலம் அது. அக்கடன் 'துண்டு' என்ற சீட்டில் எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதிய தோட்டம் அத்துண்டிலுள்ள தொகையைக் கட்டி ஆளை எடுக்க வேண்டும். கடன் ஆளோடு நடந்தது. 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அதுவரை கடனை மன்னிக்கும்படி ஞாயிறுதோறும் ஜெபித்தவர்கள் அச்சொல்லுக்கு என்ன பொருள் கொண்டிருப்பார்கள்? உபதேசியார் பாவம் என்றுதான் விளக்கியிருப்பார். கேட்டவர்கள் பெரிய கங்காணியை நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

நாம் செய்யாத ஒன்றுக்காகப் பிறக்கும்போதே பட்டிருப்பது: கிறிஸ்தவ இறையியல் இதனைப் பிறவிப் பாவம், அல்லது சென்மப் பாவம் என்கிறது. இங்கிருந்து 1950 ஓகஸ்ட் மாதத்துக்கு வருவோம். அம்மாதம் 12ஆம் திகதி பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 'ஹுமானி ஜெனரிஸ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். மனித உடலின் பரிணாமம் பற்றி ஆராய்வதற்கு அதில் இடமளித்தார். ஆனால் மனித குலம் ஒரே ஆதாமிலிருந்து வந்தது என்பதைக் கைவிட இடமளிக்கவில்லை. பல மூலங்கள் என்றால் பிறவிப் பாவக் கோட்பாட்டை அதனோடு எப்படிப் பொருத்துவது என்பது அவரது கவலை.

அதற்குச் சரியாக இரண்டு நாள் முன்னர், ஓகஸ்ட் 10ஆம் திகதி, புதுடில்லியில் இந்தியக் குடியரசுத் தலைவரின் ஆணையொன்று வெளியானது. தாழ்த்தப்பட்ட சாதியினர் என்ற தகுதி இந்துக்களுக்கே உரியது என்று அது வரையறுத்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே. ரோமாபுரி உலகமெல்லாம் ஒரே தகப்பன் என்று சொன்ன வாரத்தில், மதம் மாறியவனுக்குச் சாதியில்லை என்று டில்லி சொன்னது. கேட்பதற்கு நல்ல செய்தி போலத்தான் இருக்கிறது.

அதன் பொருள் எங்கள் மலையகத்தாருக்குப் பிறகு புரிந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது, 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பது, மீதி ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இறுதியில் ஏறத்தாழ 4 இலட்சத்து 60 ஆயிரம் பேர் இந்தியா போனார்கள். அவர்களுக்கென்றே தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. பெரியவரின் அண்ணனும் அப்படிப் போனவர்களுள் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

"அண்ணனும் எங்க சித்தப்பா மகனும் ஒண்ணா போனாங்க. ஒரே லயத்துக்காரங்க, ஒரே ரத்தம். சித்தப்பா வீடு மாரியம்மன் கும்பிடுறவங்க. அவங்க புள்ளைங்களுக்குச் சாதிச் சான்றிதழ் கெடச்சுது, படிச்சு வேலைக்குப் போச்சுங்க. அண்ணன் புள்ளைங்களுக்கு இல்லன்னுட்டாங்க. ஏன்னா அண்ணன் ஞானஸ்நானம் வாங்கினவரு. ஆனா தண்ணி புடிக்கப் போற எடத்துல ரெண்டு வீட்டையும் ஒண்ணாத்தான் தள்ளி வச்சாங்க."

தமிழகத்தில் அத்தகையோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள் என்றேன். அதற்கும் இதற்கும் உள்ள தூரம் தனக்குத் தெரியும் என்பது போலத் தலையசைத்தார்.

பிறவிப் பாவக் கோட்பாட்டைக் கேள்விக்குட்படுத்திய ஆசிய இறையியலாளர்களுட் பெரிதும் பேசப்பட்டவர் நம் நாட்டவரே. அமல மரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த திஸ்ஸ பாலசூரிய அடிகளார், 1971இல் கொழும்பில் சமய சமூக நடுநிலையத்தை நிறுவியவர். 1990இல் மரியாளும் மானிட விடுதலையும் பற்றி அவர் எழுதிய நூல் வத்திக்கானின் கண்டனத்துக்குள்ளானது. 1997 ஜனவரி 2ஆம் திகதி அவர் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார். மறு ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி அத்தண்டனை நீக்கப்பட்டது. 2013இல் காலமானார். கடவுளிடமிருந்து அந்நியப்பட்ட நிலையில்தான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது என்றால், ஞானஸ்நானம் பெறாத ஆசியாவின் கோடானுகோடி மூதாதையரின் நிலை என்ன என்பது அவர் எழுப்பிய கேள்வியின் மையம். அநீதி குடிகொண்டிருப்பது குழந்தையின் ஆன்மாவிலன்று, சமூக அமைப்பில் என்பதே அவரது நிலைப்பாடு என்று நான் புரிந்துகொண்டேன்.

அந்நாட்களில் நான் இளம் செய்தியாளன். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பாலசூரிய பக்கம், நானும்தான். இப்போது அத்துணை உறுதியில்லை. சமூக அமைப்பைப் பற்றி அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் தோட்டங்களில் போதிக்கப்பட்ட கருத்துகளுள் மிகச் சமத்துவமானது எதுவென்று யோசித்துப் பார்த்தால், துரையும் பாவி, கூலியும் பாவி, இருவரும் ஒரே தகப்பனிடமிருந்து ஒரே கேட்டைச் சுதந்தரித்தவர்கள் என்ற அந்தப் பழைய போதனைதான் என்று தோன்றுகிறது. துரையை இழிந்தவன் என்று சொல்ல வேறு எந்த மேடையில் அன்று முடிந்தது? பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் உடன்படவில்லை. "பாவத்துல சமம்னு சொன்னாங்க, சரி. சம்பளத்துல?" என்றார்.

திருச்சபைக்குள்ளிருந்தே இக்கேள்வியைக் கேட்டவர்களும் இருந்தார்கள். கண்டி மறைமாவட்ட ஆயராயிருந்த லியோ நாணயக்கார, 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது, வசதியான கண்டியை விட்டு ஏழைப் பதுளையைத் தாமே தெரிந்துகொண்டு போனார். இயேசு சபையைச் சேர்ந்த போல் காஸ்பர்ஸ் அடிகளார் அதே ஆண்டில் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கி, தோட்ட மக்களின் உரிமைக்காக 2017இல் இறக்கும் வரை எழுதியும் பேசியும் வந்தார். இருவரும் தமிழர் அல்லர். ஆனாலும் 1948க்கும் 1972க்கும் இடையே கால் நூற்றாண்டு கிடக்கிறது. நாடற்றவர்களான எட்டு இலட்சம் பேருக்காக அக்காலத்தில் ஆலய மணிகள் உரக்க ஒலித்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு.

நாடற்ற நிலை 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடுதான் முடிவுக்கு வந்தது. பெரியவர் 2003க்குப் பின்னரே பிரசையானார். அப்போது அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல். 2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டுகள் ஆனதை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தார்கள். முன்னோர் நோயிலும் பசியிலும் விழுந்து மடிந்த அதே வழி. ஜூலை 28ஆம் திகதி புறப்பட்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி சேர்ந்தார்கள். பெரியவரின் மகனும் கடைசி இரண்டு நாள் அதில் நடந்திருக்கிறார். பிறப்புச் சான்றிதழில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதுவதா, 'இலங்கைத் தமிழர்' என்று எழுதுவதா என்று பேத்தி பிறந்தபோது அவ்வீட்டில் ஒரு வாரம் வாக்குவாதமாம். மலையகத் தமிழர் என்று எழுதத் தனி இடம் அப்போது இருக்கவில்லை.

மழை சற்று ஓய்ந்ததும் போதகர் இரும்புப் பெட்டியைத் திறந்து பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளை எடுத்து வைத்தார். ஓரங்கள் செல்லரித்தவை. பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், தோட்டத்தின் பெயர், தகப்பனின் தொழில், சாட்சிகள். தொழில் என்ற இடத்தில் பக்கம் பக்கமாக ஒரே சொல். இனம் என்ற கட்டமோ, பிறந்த நாடு என்ற கட்டமோ இல்லை. தாயின் பெயர் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இருந்தது. பெரியவர் தம் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து விரலால் தொட்டுக் காட்டினார். அதற்கு மேலிருந்த வரி அவருடைய அண்ணனுடையது.

கோத்தகிரியிலுள்ள அண்ணன் மகன் அவ்வரியின் பிரதியைக் கேட்டிருக்கிறானாம். எதற்கென்று பெரியவருக்குத் தெரியவில்லை. ஏதோ விண்ணப்பம் என்றார். பேத்தி வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தாள். நான் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, பெரியவர் சொன்ன இலக்கத்துக்கு அனுப்பினேன்.